பயிர் நோய்: வைரஸா, பாக்டீரியாவா, பூஞ்சையா? கேள்வி பதில்

கேள்வி: தக்காளிச் செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தொங்கிவிட்டது. மண்ணில் ஈரம் இருக்கிறது. பூஞ்சைக்கொல்லி ஊற்றியும் கேட்கவில்லை. ஏன் ஐயா?

பதில்: இலை மஞ்சளாகாமலே தொங்கினால் முதலில் பாக்டீரியா வாடலைச் சந்தேகியுங்கள். அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் நிரப்பி, வெட்டிய முனை நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் நிற இழை கீழே இறங்கினால் அது ரால்ஸ்டோனியா பாக்டீரியா. வேர்க் காயம் வழியாக நுழைந்து, நீரேற்றும் குழாய்களுக்குள் பெருகி, பசைபோன்ற பொருளால் அவற்றை அடைத்துவிடும். பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் நீர் மேலே ஏறாது. இழை வராமல், கீழிலைகள் ஒரு பக்கமாக மஞ்சளாகி, தண்டின் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் பெரும்பாலும் பியூசேரியம் பூஞ்சை வாடல்.

பாக்டீரியா வாடல் வந்த செடியை எந்த மருந்தும் மீட்காது. வேரோடும் வேர் மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்தக் குழியைத் தொட்ட பாசன நீர் அடுத்த செடிக்கு ஓடக் கூடாது. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் அதே குடும்பம் என்பதால் அவை மாற்றுப் பயிர் ஆகாது. நெல்லோ மக்காச்சோளமோ போடலாம். மறுபடியும் தக்காளிதான் வேண்டும் என்றால், நோயைத் தாங்கும் கத்தரி வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றை நடுங்கள்.

கேள்வி: மிளகாயில் இலை சுருள்கிறது. வைரஸுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: முதலில் அது வைரஸ்தானா என்று பாருங்கள். இலை மேல்நோக்கிப் படகுபோல மடங்கினால் இலைப்பேனாக இருக்கலாம். கீழ்நோக்கி மடங்கி காம்பு நீண்டால் முரணைச் சிலந்தி. லென்ஸ் வைத்து இலையின் அடிப்பக்கம் பாருங்கள். இவை இரண்டையும் மருந்தால் கட்டுப்படுத்தலாம்.

வைரஸ் அப்படியல்ல. செடியின் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லை வைத்தே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அதைக் கொல்லும் மருந்து வயலுக்கு இல்லை. பரப்பும் பூச்சியைத்தான் தடுக்க முடியும். இதில் ஒரு வேறுபாட்டை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். இலைச்சுருள் வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ வெகுநேரம் சாறு உறிஞ்சினால்தான் வைரஸை ஏற்கும். அதன் பிறகும் சில மணி நேரம் கழித்தே பரப்பும். ஆகவே நாற்றங்காலுக்கு 40 அல்லது 50 மெஷ் (அங்குலத்துக்கு அத்தனை கண்) வலை, மஞ்சள் ஒட்டும் அட்டை, பூச்சிக்கொல்லி எல்லாமே பலன் தரும். தேமல் வைரஸைப் பரப்பும் அசுவினியோ சில நொடிகள் குத்திப் பார்த்தாலே போதும். மருந்து பட்டு அது சாவதற்குள் வைரஸ் செடிக்குள் போய்விடும். அதற்கு வழி, வரப்போரம் மக்காச்சோளம் நெருக்கமாக விதைப்பதும் (அங்கே குத்தும்போதே அதன் வாயிலுள்ள வைரஸ் பெரும்பாலும் போய்விடும்), முதல் நோய்ச் செடியைக் கண்ட அன்றே பிடுங்குவதும்தான்.

கேள்வி: வெள்ளரியில் வெள்ளைப் பூச்சு. கார்பன்டாசிம் பூஞ்சைக்கொல்லி அடிக்கலாமா?

பதில்: பூச்சு எங்கே இருக்கிறது? இலையின் மேற்புறம் மாவு தூவியதுபோல் இருந்தால் சாம்பல் நோய், கார்பன்டாசிம் அடிக்கலாம். நனையும் கந்தகமும் கேட்கும், ஆனால் கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும். மேலே கோணல் மஞ்சள் திட்டும் அடியில் சாம்பல் கலந்த ஊதாப் படலமும் இருந்தால் அடிச்சாம்பல் நோய். அதை உண்டாக்குவது பூஞ்சைபோல் தோன்றும் வேறு இனம்; கார்பன்டாசிம் அதைத் தொடவே தொடாது. மெட்டலாக்சிலும் மான்கோசெபும் கலந்த மருந்து வேண்டும்.

கேள்வி: ட்ரைக்கோடெர்மாவையும் கார்பன்டாசிமையும் சேர்த்து விதைநேர்த்தி செய்யலாமா?

பதில்: வேண்டாம். நோய்ப் பூஞ்சையை அடக்கும் ட்ரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், கார்பன்டாசிம் பட்டால் செத்துவிடும். கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா மட்டும் போதும்.

கேள்வி: ஒரு சத போர்டோ கலவை தயாரித்தால் இலை கருகுகிறது. எங்கே தவறு?

பதில்: சுண்ணாம்பு போதவில்லை. 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பை வேறு 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான் ஏற்றது. பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே தெளித்துவிடுங்கள். இது பூஞ்சையின் வித்து முளைக்காமல் தடுக்கும் காப்பு மருந்து என்பதால், மழைக்காலம் தொடங்கும் முன்பே இலை மேல் இருக்க வேண்டும்.