பனிக்காலத்தில் சேதுக் கடற்கரை: கார் வாடகை, தங்கும் அறை, கருவாடு

கேள்வி: நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள், ஊர் மதுரை. தை மாதத்தில் தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், தனுஷ்கோடி, கீழக்கரை வழியாகச் சாயல்குடி வரைக்கும் நாலு நாள், அவசரமே இல்லாமல் கடலை ஒட்டிப் போக ஆசை. டிராவல்ஸில் கி.மீ.க்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா தனி என்கிறார்கள். எங்கள் கணக்கில் போக வர எல்லாம் சேர்த்தே 500 கி.மீ.தான் வருகிறது. அப்படியானால் வாடகை 7,000 ரூபாயில் முடிந்துவிடும் இல்லையா?

பதில்: முடியாது அம்மா. வெளியூர் வாடகையில் பெரும்பாலும் நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ. என்று ஒரு வரி இருக்கும். சிலர் 300 என்றும் வைத்திருப்பார்கள். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் கடைசி நாள் பில்லில்தான் தெரியும். நாலு நாளுக்கு 1,000 கி.மீ., அதாவது 14,000 ரூபாய். ஓடாத 500 கி.மீ.க்கும் சேர்த்துப் பணம் கொடுப்பீர்கள்.

இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். வண்டியும் டிரைவரும் நாள் முழுக்க உங்களுக்காகவே நிற்கிறார்கள், அதற்குக் கூலி வேண்டும். ஆனால் கி.மீ. கணக்கு என்பது ஒரே நாளில் ராமேஸ்வரம் போய்த் திரும்புகிறவர்களுக்கானது. உங்கள் பயணம் வேறு மாதிரி. தொண்டியிலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 50 கி.மீ. அங்கிருந்து ராமேஸ்வரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கீழக்கரை இன்னும் பக்கம். கரைக்கு வந்துவிட்டால் ஒரு நாளில் 70, 80 கி.மீ. ஓடினாலே அதிகம். அதனால் "நாள் வாடகை இவ்வளவு, டீசல் எங்களுடையது" என்று கேளுங்கள். அந்தக் கணக்குக்கு ஒத்துக்கொள்கிற வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள். இன்னொரு வழி, மதுரையிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ ராமநாதபுரம் வந்து இறங்கி, அந்த ஊர் வண்டியை எட்டு மணி நேரம், 80 கி.மீ. என்ற உள்ளூர் கணக்கில் எடுப்பது. உங்களைப் போல மெதுவாகப் போகிறவர்களுக்கு இதுதான் லாபம் என்பது என் கருத்து.

எந்தக் கணக்காக இருந்தாலும் சில விஷயங்களை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். மீட்டர் உங்கள் வீட்டு வாசலில் தொடங்குகிறதா, அவர்கள் ஷெட்டிலிருந்தா? ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையா? இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால், காலண்டர் கணக்கில் அந்த நாலு மணி நேரமும் ஒரு முழு நாளாகிவிடும். பேட்டாவில் டிரைவரின் சாப்பாடு அடக்கமா, அவர் எங்கே படுப்பார் என்பதையும் கேளுங்கள். வாடைக் காற்றடிக்கும் கடற்கரையில் ஒரு மனிதரைக் காருக்குள் தூங்க வைத்துவிட்டு, காலையில் அவரையே நம்பிப் பனியில் போகக் கூடாது.

அப்புறம், பனி. மார்கழி கடைசியிலும் தையிலும் இந்தக் கரையில் விடியற்காலை மூட்டம் போடும் நாட்கள் உண்டு. ஊட்டிக் குளிர் இல்லை, ஒரு சால்வை போதும். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடைத்து நிற்க, நடுரோட்டில் மாடு படுத்திருப்பது பக்கத்தில் போனால்தான் தெரியும். எட்டு மணி வாக்கில் வெயில் ஏறியதும் பெரும்பாலும் விலகிவிடும். ஆறு மணிக்கே வண்டியை வரச்சொன்னால், கிளம்ப முடியாத அந்த இரண்டு மணி நேரமும் உங்கள் எட்டு மணி நேரத்தில்தான் கழியும். பிறகு நேரம் போதவில்லையே என்று டிரைவரை விரட்டத் தோன்றும். எட்டரைக்கு வரச்சொல்லுங்கள். அதுவரை தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும், நவக்கிரகங்களாகக் கும்பிடும் ஒன்பது நவபாஷாணக் கற்கள் மூட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிய வருவதைக் கரையில் நின்று பாருங்கள். அதற்கு வாடகை கிடையாது.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தம்பி தன் சொந்தக் காரைப் பாதி வாடகைக்குத் தருகிறார். எடுக்கலாமா? (பரமக்குடி வாசகர்)

பதில்: வேண்டாம். வெள்ளை நம்பர் போர்டு வைத்த சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. அதைவிட முக்கியம் இன்சூரன்ஸ். தனியார் காருக்கான பாலிசியில் வாடகைப் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கும். விபத்து என்று வந்தால் இழப்பீட்டை மறுக்க அந்த ஒரு காரணம் போதும். பாதி வாடகையில் மிச்சம் பிடித்த பணம் அப்போது எந்த மூலைக்கு?

டிரைவரோடு எடுத்தால் மஞ்சள் போர்டில் கருப்பு எழுத்து. நீங்களே ஓட்டுவதற்கு எடுத்தால் கருப்பு போர்டில் மஞ்சள் எழுத்து. ஆர்.சி. (பதிவுச் சான்று), இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட் நான்கும் நடப்பில் இருக்கின்றனவா என்று தேதி பாருங்கள்.

தானே ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பனிக்காலத்தில் விடிகாலையில் வண்டியைக் கொண்டுவந்து விடுவார்கள். மேலே முழுக்க ஈரம் படிந்திருக்கும், கீறல் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. போன வருடம் நான் அப்படியே கையெழுத்துப் போட்டு வாங்கி, திருப்பிக் கொடுக்கும்போது பின் பம்பரில் பழைய கீறலுக்கு டெபாசிட்டில் 3,000 ரூபாய் இழந்தேன். துணியால் துடைத்துவிட்டு, நாலு பக்கமும் வீடியோ எடுத்து, கொண்டுவந்தவர் முன்னாலேயே அவர்கள் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். தனுஷ்கோடி போய்வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவுங்கள், அடிப்பக்கமும் சேர்த்து. அரிச்சல்முனை வரைக்கும் 2017 முதல் நல்ல சாலை இருக்கிறது. ஆகவே மணலில் இறக்க வேண்டிய அவசியமே இல்லை. சிக்கினால் இழுக்கும் செலவு உங்களுடையது.

கேள்வி: சொந்தக் காருக்குப் பனி விளக்கு வாங்கிப் பொருத்தலாமா?

பதில்: இந்த ஒரு பயணத்துக்காக வேண்டாம். இருக்கிற விளக்கின் கண்ணாடியைத் துடைத்து, வைப்பர் ரப்பரை மாற்றினால் போதும். தாழ் ஒளியில் ஓட்டுங்கள். உயர் ஒளி மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் அறைக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கேட்கிறார்கள். கட்டலாமா? காரங்காடு படகுக்கும் முன்பே கட்டிவிடலாமா?

பதில்: முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். தை அமாவாசையை ஒட்டி ஊரே நிரம்பி வழியும். அந்த நாட்களில் அறை வாடகையைப் பேரம் பேசிக் குறைக்க முடியாது. தேதியை ஒரு வாரம் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முழுப் பணம் கட்டுவதற்கு முன், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் என்பதை எழுத்தில் கேளுங்கள். 'கடல் தெரியும் அறை' என்றால் அந்த அறையின் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

காரங்காடு வனத்துறை நடத்தும் இடம். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். போய் நேரில் கட்டுங்கள். வடக்கே இருக்கிற பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். ஆனால் வாடைக் காலத்தில் அந்தப் பெண்கடல்தான் முரண்டு பிடிக்கும். காரங்காடு இருப்பது அந்தப் பக்கம். காற்றைப் பொறுத்துத்தான் படகு.

பணம் திரும்ப வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் வழக்குப் போட ராமநாதபுரம் வரை அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: வரும் வழியில் கருப்பட்டி, குண்டு மிளகாய், கருவாடு, சங்கு வாங்கி வர வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது? (திண்டுக்கல் வாசகி)

பதில்: தை மாதத்தில் போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். பதநீர் இறங்குவது மாசி, பங்குனிக்கு மேல். ஆகவே தையில் யாராவது "நேற்றுக் காய்ச்சிய கருப்பட்டி" என்றால் நம்ப வேண்டாம். நல்ல பழைய கருப்பட்டி தாராளமாக வாங்கலாம், அதில் குறையில்லை. ஒன்றை உடைத்துப் பாருங்கள். உடைத்த இடம் சீனிக் கல் போல மினுங்கினால் சர்க்கரை கலந்தது. மங்கலாகக் கரும்பழுப்பாக இருந்து, நாக்கில் லேசாக உப்பும் கரிப்பும் தட்டினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

குண்டு மிளகாயும் அப்படித்தான். முண்டு மிளகாய் என்பதும் இதுதான். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி எல்லா வற்றலையும் விற்கிறார்கள். உருண்டையாக, தோல் தடித்து, குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். தையில் பழம் எடுப்பு தொடங்கும் நேரம்தான். நன்றாகக் காய்ந்த புது வற்றல் சந்தைக்கு நிறைய வருவதற்கு மாசி, பங்குனி ஆகிவிடும்.

கருவாட்டில்தான் பனி வேலையைக் காட்டும். வெயில் சரியாக ஏறாத நாட்களில் மேலே காய்ந்து நடுவில் ஈரம் நிற்கும். கனத்த மீனாக இருந்தால் முதுகுப் பக்கம் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுத்தால் வேண்டாம். நெத்திலி போலப் பொடி மீன் இந்த மாதத்துக்குப் பத்திரம். மதியத்துக்கு மேல் வாங்குங்கள். காலையில் வாங்கினால் பனி ஈரத்துக்கும் சேர்த்து எடை போட்டுக் கொடுப்பார்கள்.

சங்குப் பொருட்களைக் கடையில் பில்லோடு வாங்குங்கள். ஆனால் பவளப் பாறைத் துண்டு, காய்ந்த கடல்குதிரை, கடல் அட்டை இவற்றை யார் ரகசியமாக நீட்டினாலும் கையால் தொடாதீர்கள். மூன்றும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. விற்றவர் போய்விடுவார், சோதனைச் சாவடியில் பை உங்கள் கையில் இருக்கும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெள்ளைப் பவளக் கல்லுக்கும் இதே சட்டம்தான். பேரப்பிள்ளைகள் பொறுக்கினால் அங்கேயே போடச் சொல்லிவிடுங்கள்.