போக்கிமான் ரெட்டில் ‘மிஸ்ஸிங்நோ’ எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: பழைய போக்கிமான் ரெட், புளூ வீடியோ கேம்களில் விரிடியன் ஊர்க் கிழவரிடம் பேசிவிட்டு சின்னபார் தீவுக் கரையோரம் நீந்தினால் ‘மிஸ்ஸிங்நோ’ என்ற பிழைப் போக்கிமான் ஏன் வருகிறது, பையில் ஆறாவது பொருள் ஏன் பெருகுகிறது?

ஈரோட்டு பிரவுசிங் சென்டரில் எமுலேட்டர் (பழைய கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) போட்டு விளையாடிய காலத்தில் இதைப் பேய் என்றே நம்பினோமுங்க. பேயெல்லாம் இல்லை, நினைவகச் சிக்கனம். விரிடியன் ஊர்க் கிழவர் போக்கிமான் பிடித்துக் காட்டும்போது திரையில் அவர் பெயர் வர வேண்டும். அதற்காக உங்கள் பெயரைத் தற்காலிகமாக இன்னோர் இடத்தில் ஒதுக்கி வைக்கிறது விளையாட்டு. அந்த இடம், புல்வெளியில் எந்தப் போக்கிமான் வரும் என்ற பட்டியல் இருக்கும் இடம். வேறு புல்வெளிக்குப் போனால் புதுப் பட்டியல் அதை அழித்துவிடும். சின்னபாருக்கோ சொந்தப் பட்டியலே கிடையாது. நேராகப் பறந்து போனால் பழையது அப்படியே கிடக்கும். கிழக்குக் கரையோரத் தண்ணீர் அதைத்தான் படிக்கும். ஆக, உங்கள் பெயரின் எழுத்துகளே எண்களாகிப் போக்கிமானாக வந்து நிற்கின்றன. எந்தப் போக்கிமானுக்கும் ஒதுக்காத எண் என்றால் மிஸ்ஸிங்நோ.

பொருள் பெருகுவது இன்னும் வேடிக்கை. மிஸ்ஸிங்நோவை ‘பார்த்தாச்சு’ என்று போக்கிடெக்ஸில், அதாவது போக்கிமான் பதிவேட்டில், குறிக்கப் போய், எல்லை தாண்டி, ஆறாவது பொருளின் எண்ணிக்கையில் 128-ஐக் கூட்டிவிடுகிறது. ஒரே ஒரு ரேர் கேண்டி 129 ஆகிவிடும்.

அப்புறம் மியூ என்ற ரகசியப் போக்கிமான். பிழைதிருத்தக் கருவிகளை நீக்கியதும் மிஞ்சிய சுமார் 300 பைட் இடத்தில் விளையாட்டின் நிரலாளர் ஷிகெகி மொரிமோட்டோ செருகியது அது. துறைமுகத்து லாரிக்கு அடியில் இருக்கிறது என்பது மட்டும் சுத்தப் புரளி. அந்த லாரிக்காக நான் ஒரு முழுப் பரீட்சை லீவைத் தொலைத்தேன்.