காஸ்ட்ரீஸில் இறங்கிப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

கரீபியன் தீவு நாடான செயின்ட் லூசியாவின் தலைநகர் காஸ்ட்ரீஸில் உங்கள் கப்பல் ஒரு பகல் நிற்கும் என்றும், படங்களில் வெறும் சிமென்ட் கட்டடங்களே தெரிவதால் இறங்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் இறங்குங்கள். அந்த சிமென்ட்டுக்குக் காரணமே ஊரின் கதைதான்.

காஸ்ட்ரீஸ் மரவீடுகளால் ஆன ஊராக இருந்தது. 1927-இல் ஒரு பெருந்தீ. 1948 ஜூனில் இன்னொன்று. அதில் நகரின் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. இன்று நீங்கள் பார்ப்பது அதற்குப் பிறகு எழுந்த ஊர். அப்போது 18 வயதாக இருந்த ஒரு பையன் அந்தத் தீயைப் பற்றிக் கவிதை எழுதினான். அவர்தான் டெரிக் வால்காட், 1992-இல் இலக்கிய நோபல் பெற்றவர்.

அவர் பெயரில் உள்ள சதுக்கத்திலிருந்து தொடங்குங்கள். 1993 வரை அதற்குக் கொலம்பஸ் பெயர். மாற்றியது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. வால்காட்டோடு, 1979-இல் பொருளாதார நோபல் பெற்ற ஆர்தர் லூயிஸின் மார்பளவுச் சிலையும் அங்கே உண்டு. இருவரும் பிறந்தது ஜனவரி 23-ஆம் தேதி! நான் போனபோது அங்கே நிழல் விரித்து நின்ற பெரிய மரத்தைப் பார்த்ததும் மனம் ஊருக்குப் போய்விட்டது. நம் சாலையோரங்களில் நிற்கும் அதே தூங்குமூஞ்சி மரம். பக்கத்தில் பிரேசில் தெருவில் தீக்குத் தப்பிய சில பழைய மரவீடுகளையும் பாருங்கள்.

எதிரே உள்ள பேராலயத்துக்குள் அவசரப்படாமல் உட்காருங்கள். 1985-இல் டன்ஸ்டன் செயின்ட் ஓமர் அங்கே சுவர் ஓவியங்கள் வரைந்தார். புனிதர்களுக்கு அந்தத் தீவு மக்களின் முகமும் நிறமும். நாட்டுக் கொடியை வடிவமைத்தவரும் அவரே.

சந்தை அங்கிருந்து நடக்கும் தூரம்தான். சனிக்கிழமையானால் கூட்டம் அதிகம். மண்ணால் செய்த கரி அடுப்புகள் விற்பார்கள். அவித்த வாழைக்காயோடு உப்பு மீன் கேளுங்கள், அதுதான் அந்நாட்டின் தேசிய உணவு.

அப்புறம் டாக்சி பிடித்து மோர்ன் ஃபோர்ச்சூன் மலைக்கு. இந்தத் தீவு பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் இடையே 14 முறை கைமாறியது. துறைமுகத்தைக் காக்கும் இந்த மலை யார் கையிலோ, ஊரும் அவர்கள் கையில். 1796 மே 24-இல் ஆங்கிலேயப் படை இதைப் பிடித்ததற்கு நினைவுத்தூண் இருக்கிறது. 1794-இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்ததால் விடுதலை பெற்றவர்களும் எதிர்த்தரப்பில் நின்று போரிட்டார்கள். ஆங்கிலேயர் வென்றதும் அடிமை முறை திரும்ப வந்தது. தூணின் முன் நிற்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வால்காட்டின் கல்லறையும் லூயிஸின் கல்லறையும் அந்த மலைமேல்தான். கீழே துறைமுகம் முழுதாகத் தெரியும், உங்கள் கப்பலும்கூட. அது கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போதே இறங்கத் தொடங்கிவிடுங்கள்.