பூண்டு கேப்ஸ்யூல் வாங்கலாமா, பச்சைப் பூண்டே போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு பிபி, கொலஸ்ட்ரால் ரெண்டும் இருக்கு. ஆன்லைன்ல பூண்டு கேப்ஸ்யூல் பாத்தேன், வாடையே வராதாம், ஒண்ணு 1000 மில்லிகிராம் பூண்டுக்கு சமம்னு போட்டிருக்கு. வாங்கலாமாங்க?

பதில்: முதல்ல அப்பா இப்ப என்ன மாத்திரை எடுக்கறாருன்னு பாருங்க. வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின்னு ரத்தம் உறையாம இருக்கறதுக்கு ஏதாவது இருந்தா டாக்டர கேக்காம வாங்கவே வாங்காதீங்க, பூண்டும் கொஞ்சம் அதே வேலைய செய்யும், ரெண்டும் சேந்தா ரத்தக்கசிவு வர வாய்ப்பு இருக்கு. ஆபரேஷன் இருந்தாலும் முன்னாடியே நிறுத்தணும்.

அடுத்து அந்த 1000 மில்லிகிராம். பெருசா தெரியுது இல்ல? அது 1 கிராம் தாங்க, ஒரு நடுத்தர பூண்டுப் பல்லே சுமார் 3 கிராம் இருக்கும். நீங்க லேபிள்ல தேட வேண்டியது, பூண்டுல முக்கியமா வேலை செய்யற பொருள்னு சொல்ற அல்லிசின் எவ்ளோ கிடைக்கும்னு போட்டிருக்கான்னு தான். முழுப் பல்லுல அல்லிசின் கிடையாது, நசுக்கினாதான் உள்ள இருக்கற அல்லின்ங்கற பொருளும் அல்லினேஸ்ங்கற என்சைமும் கலந்து அது உருவாகும், அந்த காரமான வாடையும் அதனாலதான். பவுடர் மாத்திரைல அந்த என்சைம் வயித்து அமிலத்துல கெட்டுப்போகலாம், அதனாலதான் சில மாத்திரைல குடலுக்குப் போய் கரையற கோட்டிங் போடறாங்க. 'ஏஜ்ட் கார்லிக்'னு (மாசக்கணக்குல ஊறவெச்சு எடுத்த பூண்டு சாறு) விக்கறதுல அல்லிசின் இருக்காது, அதுல இருக்கறது எஸ்-அல்லைல் சிஸ்டீன், அது வேற சரக்கு.

பலன் பத்தி நேராவே சொல்லிடறேன். பிபி அதிகமா இருக்கறவங்களுக்கு பூண்டு கொஞ்சம் கொறைக்குதுன்னு ஆய்வுகள் இருக்கு, கொஞ்சம் தான். கொலஸ்ட்ராலுக்கு 2007ல ஸ்டான்ஃபோர்ட்ல 192 பேருக்கு 6 மாசம் பச்சைப் பூண்டு, பவுடர் மாத்திரை, ஏஜ்ட் கார்லிக்னு பிரிச்சு குடுத்துப் பாத்தாங்க, எதுலயும் கெட்ட கொலஸ்ட்ரால் சொல்லிக்கற மாதிரி கொறையல. அதனால டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திட்டு இத ஆரம்பிக்கற எண்ணம் இருந்தா தயவுசெஞ்சு விட்டுடுங்க.

நான் வாங்கச் சொல்றது பூண்டு தான். நசுக்கி ஒரு 10 நிமிஷம் அப்படியே வெச்சிட்டு அப்புறம் சமையல்ல போடுங்க, உடனே சூடு பண்ணா அல்லிசின் உருவாகறதுக்குள்ள என்சைம் போயிடும். வெறும் வயித்துல பச்சையா திங்கச் சொல்லி கட்டாயப்படுத்தாதீங்க, பல பேருக்கு நெஞ்செரிச்சல் வரும்.