சபிக்கப்பட்ட புத்தகத்தை யாரும் தொடுவதே இல்லை: பதில்

நண்பரே, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் உங்கள் கதை விளையாட்டில், நீங்கள் வைக்கும் சபிக்கப்பட்ட புத்தகத்தை யாரும் தொடுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். கருப்புத் தோல் அட்டை, மேலே மண்டையோடு என்றால் யார் தொடுவார்கள்? உங்கள் ஆட்டக்காரர்கள் மூன்று புத்தகங்களையும் திறக்காமலே எரித்ததில் தப்பே இல்லை.

கதை செட்டிநாட்டு வீட்டில் நடக்கிறது என்கிறீர்கள். அப்புறம் மந்திர நூல் எதற்கு? பேரேடு வையுங்கள். இரண்டாம் கட்டு அறையில், 1942-க்கு முன் பர்மாவிலிருந்து வந்த தேக்குப் பெட்டி. உள்ளே பழைய வட்டிக் கணக்கு. பக்கத் தலைப்பில் பிள்ளையார் சுழி மட்டும் இல்லை. (எங்கள் பக்கத்தில் அது ஒன்றே போதும், கை தயங்கும்.)

அவர்கள் தேடும் தகவல் அதில் நிஜமாகவே இருக்கட்டும். படித்தவர் பெயர் அடுத்த வரியில் கடனாளியாகத் தானே எழுதப்படும், மை காயாமல். வட்டி பணமல்ல, நினைவு. தினமும் இரவில் இருபது முகப் பகடையை உருட்டி, 12-க்குக் கீழே விழுந்தால் ஒரு திறமையோ அம்மாவின் முகமோ போய்விடும். அசலை அடைக்க ஒரு வழி கட்டாயம் வையுங்கள், இல்லாவிட்டால் ஆட்டக்காரர் கடுப்பாகிவிடுவார்.

எரித்தால்? ஐந்தொகை (வரவும் கடனும் சரிபார்க்கும் இறுதிக் கணக்கு) நேராகாமல் கணக்கு முடியாது. மறுநாள் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

நான் நடத்தியபோது ஒருவர் தன் கடனை இன்னொருவர் பேருக்கு மாற்றி எழுதிவிட்டார். அன்று பகடையே தேவைப்படவில்லை, இரண்டு மணி நேரம் சண்டைதான்.