சமூகக் காடு: ஊர் மக்களின் ஆதரவை எப்படிப் பெறுவது?

கேள்வி: எங்கள் ஊர்ப் பொது நிலத்தில் சமூகக் காடு உருவாக்க ஒரு குழுவாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். மரம் நடும் நாளில் பெரிய கூட்டம் வந்தது. அப்புறம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கன்றுகளை ஆடு மாடுகள் தின்றுவிடுகின்றன. வேலி போட்டோம், இரவோடு இரவாகப் பிடுங்கிவிட்டார்கள். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியும் பலன் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: வேலியைப் பிடுங்கியவர்களிடம் உட்கார்ந்து பேசினீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

வெறுமையாகத் தெரியும் பொது நிலத்தையும் யாராவது பயன்படுத்திக்கொண்டுதான் இருப்பார்கள். ஒருவர் ஆடு மேய்ப்பார், ஒருவர் சுள்ளி பொறுக்குவார், இன்னொருவருக்கு அது குறுக்கு வழி. காடு வந்தால் நிழலும் நீரும் எல்லோருக்கும், அதுவும் பத்து வருடம் கழித்து. இழப்போ அந்தச் சில குடும்பங்களுக்கு மட்டும், அதுவும் நாளைக்கே. மரத்தின் அருமை அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் விழிப்புணர்வுக் கூட்டம் பலிக்கவில்லை.

மேற்கு வங்கத்தின் மேதினிப்பூர் பகுதியில் அரபாரி என்ற இடம் இருக்கிறது. அங்கே 1970-களின் தொடக்கத்தில் சால் மரக் காடு வெட்டி வெட்டிப் புதராகிக் கிடந்தது. காவலைக் கூட்டிப் பயனில்லை என்று கண்ட வனத்துறை அதிகாரி அஜித் குமார் பானர்ஜி, விறகு வெட்டி விற்றுப் பிழைத்த மக்களிடமே பேசினார். காட்டு வேலை உங்களுக்கு, விறகும் புல்லும் எடுத்துக்கொள்ளலாம், மரம் விற்கும் வருமானத்தில் 25 விழுக்காடு உங்களுக்கு. பதிலுக்குக் காட்டை நீங்கள் காக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வெட்டுவது நின்றதும் சால் மரங்கள் பழைய அடிக்கட்டைகளிலிருந்தே துளிர்த்து எழுந்தன. 1990-இல் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து காட்டைக் காக்கும் கூட்டு வன மேலாண்மையை மத்திய அரசு மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தபோது இந்த அனுபவம் அதற்கு முன்னோடியாக இருந்தது.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது முதல் வருடத்துப் பலன். மரம் விளையும்வரை யாரும் பொறுத்திருக்க மாட்டார்கள். நிலம் முழுவதையும் ஒரே நேரத்தில் அடைக்காமல் ஒரு பகுதியை மட்டும் மூடுங்கள். மீதியில் மேய்ச்சல் நடக்கட்டும். மூடிய பகுதியில் புல் நன்றாக வளரும். ஆடு மேய்ப்பவர்களே அதை அறுத்துக் கட்டாகக் கொண்டுபோகட்டும். காய்ந்த சுள்ளி எடுக்க வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கலாம். முதல் பகுதியில் கன்றுகள் மாட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வந்ததும் அதைத் திறந்துவிட்டு அடுத்ததை மூடலாம். எந்தப் பகுதி, எப்போது என்பதை அந்தக் குடும்பங்களே முடிவு செய்யட்டும். அவர்கள் சம்மதித்துக் குறித்த எல்லைக்கு வேலியே தேவைப்படாமலும் போகலாம்.

குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். விறகும் தீவனமும் கொண்டுவருவது பெரும்பாலும் பெண்கள். முடிவெடுக்கும் கூட்டத்திலோ ஆண்கள் மட்டும் இருப்பார்கள். காட்டை அடியோடு மூடுவோம் என்று எளிதாகத் தீர்மானம் போட்டுவிடுவார்கள். மறுநாள் விறகுக்குப் போகும் பெண் திருடி ஆகிவிடுகிறாள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. காட்டுக்கும் இதனால் நன்மை இல்லை. பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் இந்தியாவிலும் நேபாளத்திலும் காட்டுக் குழுக்களை ஆராய்ந்தார். நிர்வாகக் குழுவில் பெண்கள் அதிகமாக இருந்த இடங்களில் காட்டின் நிலையும் மேம்பட்டிருந்ததை அவர் கண்டார். ஒருவரோ இருவரோ பெயருக்கு இருந்தால் போதாது.

நேபாளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1993-ஆம் ஆண்டு வனச்சட்டம் அங்கே பயனாளர் குழுக்களுக்குக் காட்டை நிர்வகிக்கவும் விளைபொருளை விற்கவும் சட்டபூர்வ உரிமை தந்தது. இன்று 20,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. மலைப்பகுதிகளில் மரப்போர்வை கணிசமாகத் திரும்பியிருக்கிறது. வேலை தேடி மக்கள் வெளியூர் போனதும் ஒரு காரணம்தான். ஆனாலும் உரிமை கைக்கு வந்ததும் ஒரு முக்கியக் காரணம்.

காவல் விஷயத்தில் எலினார் ஆஸ்ட்ரம் சொன்னதைக் கவனியுங்கள். பொதுவளங்களை மக்கள் நிர்வகிக்கும் முறைகளை ஆராய்ந்து 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர் அவர். நீடித்து நிற்கும் இடங்களில் எல்லை தெளிவாக இருக்கிறது, பயன்படுத்துபவர்களே கண்காணிக்கிறார்கள், தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடுகிறது என்பது அவருடைய முக்கியமான கண்டறிதல். முதல் தடவை ஆடு நுழைந்தால் கண்டிப்பு போதும். திரும்பத் திரும்ப நடந்தால் அபராதம். எடுத்த எடுப்பில் போலீசுக்குப் போனால் உறவு முறிந்துவிடும். அபராதமாக வந்த பணத்துக்கும் புல் விற்ற பணத்துக்கும் ஊர் நடுவே கணக்கு வாசியுங்கள். கணக்கில் ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் அதற்கப்புறம் காவல் முறைக்கு யாரும் வரமாட்டார்கள்.

நடவைப் பற்றி ஒரு வார்த்தை. நிலத்தில் பழைய வேர்களும் அடிக்கட்டைகளும் இருந்தால் மேய்ச்சலையும் தீயையும் தடுத்தாலே பெரும்பகுதி தானாக முளைக்கும். செலவும் குறையும், அந்த மண்ணுக்குப் பழகிய மரங்களே வரும்.

கடைசியாக, நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று ஆவணத்தைப் பாருங்கள். உரிய அதிகாரியிடமிருந்து நிர்வகிக்கவும் விளைபொருளை எடுக்கவும் விற்கவும் எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள். மகாராஷ்டிரத்தின் மேண்டா லேகா கிராமத்துக்கு 2009-இல் சமூக வன உரிமை, அதாவது தன் காட்டைத் தானே நிர்வகிக்கும் சட்ட உரிமை, கிடைத்தது. ஆனால் தங்கள் மூங்கிலை வெளியே கொண்டுபோய் விற்க அனுமதிச் சீட்டு கிடைத்தது 2011-இல்தான். அதுவரை அவர்கள் போராட வேண்டியிருந்தது. ஆகவே 'விற்கலாம்' என்ற சொல் அனுமதிக் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மேய்ப்பவர்களோடு ஒப்பந்தமும் இந்தக் கடிதமும் கைக்கு வரும்வரை அடுத்த நடவைத் தள்ளிவையுங்கள்.