கடலிலிருந்து வந்த ஆரூடம்: கேள்வி பதில்

கேள்வி: கடற்கன்னியைப் பார்த்ததாகச் சொல்லும் பழைய அச்சுத்தாள்களில் ஆரூடமும் சேர்ந்தே வருவது ஏன்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த ஜப்பானை வைத்தே சொல்கிறேன். எடோ காலத்தில் (1603–1868) 'கவராபான்' என்ற ஒற்றைத்தாள்கள் தெருவில் விற்றன. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தவை, பெரும்பாலும் அரசு அனுமதி இல்லாதவை. விற்பவர் சத்தமாகப் படித்துக் கூட்டம் சேர்ப்பார். தீ விபத்து, நிலநடுக்கம், அப்புறம் இந்த மாதிரி அதிசயங்கள். எங்கோ கடலில் தெரிந்த உருவம் வெறும் வேடிக்கைதான். அதுவே "நோய் வரப்போகிறது" என்று சொன்னால், கேட்பவருக்குத் தன் வீட்டுப் பிள்ளைகள் ஞாபகம் வரும்.

கேள்வி: எல்லாமே அழகான பெண் உருவம்தானா?

பதில்: இல்லவே இல்லை. 1805இல் இன்றைய டொயாமா பகுதிக் கடலில் தென்பட்டதாக ஒரு தாள் வந்தது. பெண் முகம், தலையில் கொம்பு, நீளம் சுமார் பத்தரை மீட்டர். 450 துப்பாக்கிகளால் சுட்டுப் பிடித்தார்களாம். அதை ஒருமுறை பார்த்தாலே ஆயுள் கூடும் என்கிறது தாள்.

கேள்வி: கொரோனா சமயத்தில் பரவிய அமாபியே என்ற கடல் உருவத்தின் படம் நோயை விரட்டும் என்றார்களே?

பதில்: மூலத்தாளை நிதானமாகப் படியுங்கள், கியோத்தோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1846, ஹிகோ மாகாணம் (இன்றைய குமமோட்டோ). இரவுதோறும் கடலில் ஏதோ ஒளிர்கிறது, ஓர் அதிகாரி போய்ப் பார்க்கிறார். நீண்ட கூந்தல், அலகு போன்ற வாய், உடம்பெல்லாம் செதில். "ஆறு ஆண்டுகள் நல்ல விளைச்சல் இருக்கும், நோயும் பரவும், என்னை வரைந்து மக்களுக்குக் காட்டு" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குள் போய்விடுகிறது. அவ்வளவுதான். நோய் தீரும் என்ற வாக்குறுதி அதில் எங்கும் இல்லை.

கேள்வி: அப்படியானால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

பதில்: அதற்கு முன்பே இருந்தது. 1819இல் ஹிசென் மாகாணக் (இன்றைய சாகா, நாகசாகி) கடற்கரையில் தோன்றியதாகச் சொல்லப்படும் ஜின்ஜாஹிமே, மனித முகமும் கொம்பும் கொண்டது. ஏழு ஆண்டுகள் விளைச்சல், பிறகு 'கொரோரி' என்ற நோய், தன் படத்தைப் பார்த்தவர்கள் தப்பலாம் என்று வெளிப்படையாகவே சொன்னதாம். காலரா ஜப்பானுக்குள் முதலில் நுழைந்தது 1822இல். பின்னாளில் அதையும் மக்கள் கொரோரி என்றே அழைத்தார்கள். ஆகவே அமாபியே தாளை வாங்கியவர்களுக்கு, சொல்லாமல் விட்டதை நிரப்பிக்கொள்ள அதிக நேரம் பிடித்திருக்காது.

கேள்வி: அதிகாரி பார்த்தார் என்பதாவது உண்மையா?

பதில்: அந்த அதிகாரிக்குத் தாளில் பெயரே கிடையாது. அவர் எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) அனுப்பியதன் நகல் இது என்று மட்டும் கடைசியில் அச்சிட்டிருக்கிறது. நம்ப வைக்க அது போதும். ஹிகோ வெகுதூரம், எடோவிலிருந்து யார் போய் விசாரிப்பது?